ஆர்ம் குனு டூல்செயின் 13.2: பம்ப் ஸ்டார்ட்டர் போர்டில் ஓராண்டு

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்க்கிறேன். போர்வெல் மோட்டார்களுக்கான கண்ட்ரோல் போர்டு செய்கிறோம். தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்த வேண்டும், ஒரு ஃபேஸ் போனால் நிறுத்த வேண்டும், போன கரண்ட் திரும்பி வந்தால் கொஞ்சம் பொறுத்து ஓட வைக்க வேண்டும். இவ்வளவுதான் அந்தப் போர்டின் வேலை. உள்ளே இருப்பது எஸ்டிஎம்32 எஃப்103 சி8 சிப். 64 கேபி ஃப்ளாஷ், 20 கேபி ரேம். அதற்கான சி புரோகிராமை நானும் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவரும் எழுதுகிறோம்.

சி கோடைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும் சேர்ந்ததுதான் டூல்செயின். இதில் உள்ள கம்பைலர் ஜிசிசி. பல வருடமாக அதன் 10.3 பதிப்பை, அதாவது 2021 அக்டோபரில் வந்ததை, அப்படியே வைத்திருந்தோம். போன வருடம் 13.2-க்கு மாறினோம். கோடு எவ்வளவு சுருங்கியது, எவ்வளவு வேகம் கூடியது என்பதையெல்லாம் மற்றவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப்போவது அது தரும் வார்னிங்குகளைப் பற்றி, அதாவது பில்டை நிறுத்தாமல், இங்கே தப்பு இருக்கலாம் என்று மட்டும் சொல்லும் எச்சரிக்கைகளைப் பற்றி. அதிலும் குறிப்பாக, புரோகிராமின் தொடக்கத்தை நாமே எழுதும்போது, அதாவது 'மெயின்' என்ற வழக்கமான தொடக்க ஃபங்ஷனுக்கும் முன்னால் ஓடும் முதல் ஃபங்ஷனைச் சொந்தமாக வைத்துக்கொள்ளும்போது, இந்தக் கம்பைலரும், அது தரும் துண்டுகளை ஒன்றுசேர்த்து முகவரி கொடுக்கும் லிங்கரும் எங்கே கை கொடுக்கின்றன, எங்கே வாயே திறப்பதில்லை என்பதைப் பற்றி.

முதலில் காசு விஷயம். இது இலவசம். எங்கள் முதலாளிக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. "இலவசம்னா நம்ம கோடை வெளியே கொடுக்கணுமாம்மா?" என்று கேட்டார். கொடுக்க வேண்டியதில்லை. ஜிசிசியின் உரிமம் ஜிபிஎல் 3தான். ஆனால் நம் புரோகிராமோடு வந்து ஒட்டிக்கொள்ளும் அதன் ரன்டைம் லைப்ரரிக்குத் தனி விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நாம் கம்பைல் செய்த ஃபர்ம்வேர் நம்முடையதுதான். காசு கொடுத்து வாங்கும் கம்பைலர்களை முந்தைய வேலையில் பயன்படுத்தியிருக்கிறேன், அவற்றின் மேல் குறை எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பேர் இருக்கும் பட்டறைக்கு இது போதும். போதும் என்பதைவிடக் கொஞ்சம் மேலேயே.

எங்களுக்கு ஏன் சொந்தத் தொடக்கம் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்தார். "மேடம், கரண்ட் வந்தா ரிலே ஒரு தடவை 'டக்'குனு இழுத்துட்டு விடுதுங்க. அப்புறம்தான் சரியா ஓடுது. மோட்டாருக்கு ஏதாவது ஆயிருங்களா?" என்றார். மோட்டாருக்கு நல்லதில்லைதான். மும்முனைக் கரண்ட் வந்த நொடியில், வோல்டேஜ் இன்னும் நிலைக்காத நேரத்தில், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டர் ஒட்டி விலகினால், அதன் காண்டாக்ட் முனைகள் கருகும்.

மறுநாள் போர்டை மேசையில் வைத்து ஆசிலாஸ்கோப் மாட்டிப் பார்த்தேன். தப்பு எங்களுடையது. ரிலேயை ஓட்டும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட்டில், சும்மா இருக்கும்போது அதை அணைத்தே வைக்கும் புல்-டவுன் ரெசிஸ்டரைப் போடாமல் முதல் லாட்டை அனுப்பிவிட்டோம். ரீசெட் ஆனதும் அந்தச் சிப்பின் பின்கள் பெரும்பாலும் மேலேயும் இழுக்கப்படாமல் கீழேயும் இழுக்கப்படாமல் அந்தரத்தில் நிற்கும் இன்புட்டாக இருக்கும். எங்கள் பூட்லோடர், அதாவது முக்கியப் புரோகிராமுக்கு முன்னால் ஓடும் சிறிய புரோகிராம், எழுந்ததும் முதலில் செய்தது என்ன? முக்கியப் புரோகிராம் கெட்டுப்போகவில்லை என்று காட்டும் சிஆர்சி எண்ணைக் கூட்டிச் சரிபார்த்தது. அதற்கு 200 மில்லி விநாடிக்கு மேல் ஆனது. அதுவரை ரிலேயின் பின்னைக் கவனிக்க ஆளில்லை. ரிலே இழுக்க 10 மில்லி விநாடி போதும்.

புது லாட்டில் 10கே ரெசிஸ்டர் வந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே தோட்டங்களில் மாட்டியிருக்கும் போர்டுகளுக்கு மென்பொருளில்தான் வழி தேட வேண்டும். பூட்லோடரின் முதல் கட்டளையே அந்தப் பின்னைக் கீழே இழுப்பதாக இருக்க வேண்டும். சிஆர்சிக்கு முன்னால், கிளாக் தரும் கிரிஸ்டல் எழுவதற்கு முன்னால், வேரியபிள்களை ரேமில் நிரப்புவதற்கும் முன்னால். அங்கேதான் சொந்த என்ட்ரி பாயிண்ட், அதாவது நாமே எழுதும் முதல் ஃபங்ஷன், வருகிறது.

எங்கள் சிப் சேர்ந்த இந்த கார்ட்டெக்ஸ் எம் குடும்பத்தில் எனக்குப் பிடித்த விஷயம், தொடக்கத்தை முழுக்க சி மொழியிலேயே எழுதலாம் என்பது. ரீசெட் ஆனதும் சிப், ஃப்ளாஷின் தலையில் உள்ள முகவரிப் பட்டியலான வெக்டர் டேபிளின் முதல் சொல்லை, அதாவது முதல் நான்கு பைட்டை, எடுத்து ஸ்டாக் பாயிண்டரில் போடும். இரண்டாவது சொல்லை எடுத்து அந்த முகவரிக்குத் தாவும். அவ்வளவுதான். ஸ்டாக் ஏற்கெனவே தயாராக இருப்பதால் அசெம்பிளி தேவையில்லை. மெயின் என்ற பெயரையோ, முதல் ஃபங்ஷனுக்கு வழக்கமாக வைக்கும் ரீசெட் ஹேண்ட்லர் என்ற பெயரையோ சிப் பார்ப்பதில்லை. இரண்டாவது சொல்லில் என்ன முகவரி இருக்கிறதோ, அதுதான் தொடக்கம். பெயரெல்லாம் கருவிகளின் வழக்கம். குனுவில் 'அண்டர்ஸ்கோர் ஸ்டார்ட்', ஆர்ம் நிறுவனத்தின் சொந்தக் கம்பைலரில் இரண்டு அண்டர்ஸ்கோர் போட்ட 'மெயின்', டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கருவியில் 'சி இன்ட் 00' என்று ஆளுக்கொரு பெயர். கல்லூரியில் ஆர்டுயினோ பழகிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கும். அங்கே மெயின் என்ற ஃபங்ஷனே கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்து செட்டப்பையும் லூப்பையும் அழைக்கிறது. அந்த எடிட்டரில் வார்னிங்குகளும் நாமாகப் போய்த் திறந்துவிடாத வரை மூடியே இருக்கும்.

சரி, வார்னிங்குக்கு வருகிறேன்.

நான் அந்த முதல் ஃபங்ஷனுக்கு 'பூட் ஃபர்ஸ்ட்' என்று பெயர் வைத்தேன். உள்ளே மூன்று ரெஜிஸ்டர் எழுத்துகள். போர்ட்டுக்கு கிளாக் கொடு, பின்னைத் தாழ்த்து, அப்புறம் அதை அவுட்புட்டாக மாற்று. இந்த வரிசை முக்கியம். தாழ்த்தும் மதிப்பை முதலில் எழுதிவிட்டு, பிறகுதான் அவுட்புட் ஆக்க வேண்டும். அதன் பிறகு டேட்டாவைக் காப்பி செய்வது, தொடக்க மதிப்பு எழுதாத குளோபல், ஸ்டாட்டிக் வேரியபிள்கள் இருக்கும் பிஎஸ்எஸ் என்ற ரேம் பகுதியைப் பூஜ்ஜியமாக்குவது, மெயினை அழைப்பது எல்லாம். வெக்டர் டேபிளிலும் புதுப் பெயரை மாற்றினேன். பில்ட் ஆனது. லிங்கர் ஒரு வரி சொன்னது: ரீசெட் ஹேண்ட்லர் என்ற தொடக்கப் பெயரைக் காணவில்லை, கட்டளைகள் இருக்கும் டெக்ஸ்ட் பகுதியின் தொடக்க முகவரியையே வைத்துக்கொள்கிறேன் என்று.

அன்று நான் சர்வீஸுக்கு வெளியே போக வேண்டியிருந்தது. மீதியைத் தம்பியிடம் விட்டுப் போனேன். மாலையில் வந்தால் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். "அக்கா, போர்டுல நேரா பவர் கொடுத்தா நல்லா ஓடுதுங்க்கா. டிபக்கர்ல ஏத்துனா மட்டும் ஹார்ட்ஃபால்ட் ஆகுது. காலையிலிருந்து பார்த்துட்டே இருக்கேன்." டிபக்கர் என்பது கணினியிலிருந்து சிப்பில் புரோகிராமை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் கருவி. ஹார்ட்ஃபால்ட் என்றால் சிப் மேலே ஓட முடியாமல் பிழையில் விழுவது.

"அந்த வார்னிங்கைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க்கா. வார்னிங்தானேன்னு விட்டுட்டேன். போர்டுதான் ஓடுதே."

அவர் நினைத்ததில் பாதி சரி. எந்தப் பகுதியை எந்த முகவரியில் வைப்பது என்று லிங்கருக்குச் சொல்லும் ஃபைல்தான் லிங்கர் ஸ்கிரிப்ட். அதில் தொடக்க ஃபங்ஷனின் பெயரைச் சொல்லும் 'என்ட்ரி' வரியைச் சிப் ஒருபோதும் படிப்பதில்லை. அது லிங்கர் தரும் எல்ஃப் என்ற ஃபைலின் தலைப்பில் போய் உட்காரும் ஒரு எண் மட்டும். பவர் கொடுத்தால் சிப் வெக்டர் டேபிளைப் பார்த்துச் சரியாக எழுந்துவிடும். ஆனால் ஜிடிபி என்ற எங்கள் டிபக்கரில் 'லோட்' கொடுத்தால், புரோகிராமை ஏற்றிவிட்டு அந்த எல்ஃப் தலைப்பில் உள்ள முகவரியில்தான் புரோகிராம் கவுண்டரை, அதாவது அடுத்து ஓட்ட வேண்டிய கட்டளையின் இடத்தை, வைக்கும். எங்கள் ஸ்கிரிப்டில் டெக்ஸ்ட் பகுதியின் தலையிலேயே வெக்டர் டேபிள் இருந்தது. ஆக, டிபக்கர் போய் நின்ற இடத்தில் கட்டளை இல்லை. ஸ்டாக்கின் உச்சி முகவரி, ஹெக்ஸில் 20005000 என்ற எண், இருந்தது. சிப் அதையே கட்டளையாக எடுத்து ஓட்டத் தொடங்கி, கொஞ்ச தூரத்தில் விழுந்தது. ஸ்கிரிப்டில் ஒரே ஒரு பெயரை மாற்றினோம். ஒரு பகல் போன இடம் அதுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அதே வரிக்குள் இருக்கிறது. பயன்படாத பகுதிகளை எறிந்துவிடு என்று லிங்கரிடம் சொல்லும் 'ஜிசி செக்‌ஷன்ஸ்' விருப்பத்தை எல்லோரும் போடுகிறோம். அது எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது? அந்த என்ட்ரி பெயரிலிருந்தும், 'கீப்' போட்டு வைத்த பகுதிகளிலிருந்தும். வெக்டர் டேபிளுக்குக் 'கீப்' போடாமல், என்ட்ரி பெயரும் தப்பாக இருந்தால், லிங்கரைப் பொறுத்தவரை இந்தப் புரோகிராமில் யாருக்கும் யாரும் வேண்டியதில்லை. எல்லாவற்றையும் எறிந்துவிடும். பில்ட் வெற்றி என்றுதான் வரும், அளவு மட்டும் கிட்டத்தட்டப் பூஜ்ஜியமாக இருக்கும். அதனால் இந்த வார்னிங்கை இப்போது பிழையாகவே மாற்றி வைத்திருக்கிறேன். லிங்கருக்கு 'ஃபேட்டல் வார்னிங்ஸ்' என்று ஒரு விருப்பம் உண்டு. அதைப் போட்டால் எந்த லிங்கர் வார்னிங்கும் பில்டை நிறுத்திவிடும். தொடக்கத்தைச் சொந்தமாக எழுதும் யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்து, எனக்கு இந்தக் கம்பைலரில் மிகவும் பிடித்த வார்னிங். 'மிஸ்ஸிங் புரோட்டோடைப்ஸ்.' பல வார்னிங்குகளை ஒன்றாகத் திறக்கும் 'டபிள்யூ ஆல்' விருப்பத்தில் இது வராது. 'டபிள்யூ எக்ஸ்ட்ரா'-விலும் வராது. நாமே பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமல் நேரடியாக எழுதினால், இதற்கு முன் அறிவிப்பு இல்லையே என்று கேட்கும். பூட் ஃபர்ஸ்டுக்கும் கேட்டது. தம்பி அதைத் தொல்லை என்றுதான் நினைத்தார். "இதை சி கோடுல யாருமே கூப்பிடறதில்லையேங்க்கா, அறிவிப்பு எதுக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. ஆனால் யாரும் கூப்பிடாததால்தான் அது வேண்டும். என்ட்ரி பாயிண்டும், டைமர் போன்றவை குறுக்கிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லர்களும் சிப் அழைக்கும் ஃபங்ஷன்கள். அழைப்பவரைக் கம்பைலர் பார்க்க முடியாது. சாதாரண ஃபங்ஷனின் பெயரைத் தப்பாக அடித்தால் லிங்கர் உடனே பிடித்துவிடும். ஹேண்ட்லரின் பெயரைத் தப்பாக அடித்தால் பிடிக்காது. ஏனென்றால் ஸ்டார்ட்டப் ஃபைலில் எல்லா ஹேண்ட்லருக்கும் 'வீக்' என்ற அடையாளத்தோடு ஒரு பொது ஃபங்ஷன் வைத்திருப்பார்கள். நம்முடையது இருந்தால் நம்முடையது, இல்லாவிட்டால் அந்தப் பொது ஃபங்ஷன். அந்தப் பொது ஃபங்ஷனுக்குள் பெரும்பாலும் முடிவில்லாத லூப் மட்டும்தான் இருக்கும்.

சில வருடம் முன் 'சிஸ்டிக் ஹேண்ட்லர்' என்று எழுதும்போது நடுவில் உள்ள பெரிய எழுத்து 'டி'-யைச் சிறிய எழுத்தில் அடித்துவிட்டேன். கம்பைலர் பேசவில்லை, லிங்கர் பேசவில்லை. டைமர் முதல் தடவை அடித்ததும் போர்டு அப்படியே நின்றுவிட்டது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. இப்போது எங்களிடம் ஒரு ஹெடர் ஃபைல் இருக்கிறது. எல்லா ஹேண்ட்லர்களின் சரியான பெயரும், பூட் ஃபர்ஸ்டும், அதில் அறிவிக்கப்பட்டிருக்கும். மிஸ்ஸிங் புரோட்டோடைப்ஸ் திறந்திருக்கும். யாராவது ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால், அந்தத் தப்பான பெயருக்கு அறிவிப்பு இல்லை என்று கம்பைலர் அந்த நொடியே சொல்லும். தம்பிக்கு இதை உட்கார வைத்துக் காட்டினேன். அவராகவே இரண்டு மூன்று பெயர்களைத் தப்பாக அடித்துப் பார்த்தார். அதன் பிறகு அதைத் தொல்லை என்று அவர் சொல்லவில்லை.

திரும்பி வராத ஃபங்ஷனுக்கு 'நோ ரிட்டர்ன்' என்று அடையாளம் போடுவதும் இதே வகை. பூட் ஃபர்ஸ்ட் எங்கேயும் திரும்பக் கூடாது, அதற்குத் திரும்ப இடமே கிடையாது. அடையாளத்தைப் போட்டுவிட்டால், ஏதோ ஒரு வழியில் அது கடைசி வரியைத் தாண்டி வெளியே வர வாய்ப்பிருந்தால் கம்பைலர் சொல்லிவிடுகிறது. மெயினை அழைத்த பிறகு ஒரு முடிவில்லா லூப் போட மறந்தபோது எனக்கே சொன்னது.

மெயினைப் பற்றியும் ஒரு வார்த்தை. டர்போ சி-யில் பழகி வந்தவர்கள் எல்லோரும் 'வாய்ட் மெயின்' என்றுதான் எழுதுவார்கள். டபிள்யூ ஆல் போட்டால் ஜிசிசி அதற்கு முனகும். 'ஃப்ரீஸ்டாண்டிங்' என்று சொல்லிவிட்டால் முனகாது. காரணம் இருக்கிறது. இயங்குதளம் இல்லாத சூழலில், முதலில் ஓடும் ஃபங்ஷனின் பெயரும் வகையும் என்னவென்று அந்தந்தக் கருவியே முடிவு செய்துகொள்ளலாம் என்று சி மொழியின் தரநிலையே விட்டுவைத்திருக்கிறது. அதனால் ஃப்ரீஸ்டாண்டிங்கில் மெயின் என்பது மற்ற ஃபங்ஷன்களைப் போல ஒன்றுதான். ஆனால் ஃப்ரீஸ்டாண்டிங் என்று சொல்லிவிட்டால் லைப்ரரியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நினைவகத்தைக் காப்பி செய்ய, நகர்த்த, நிரப்ப, ஒப்பிட உதவும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் நான்கும் அப்போதும் இருந்தாக வேண்டும் என்று ஜிசிசி எதிர்பார்க்கிறது. பூட்லோடரில் இடம் மிச்சம் பிடிக்க லைப்ரரியை முழுக்க எடுத்துவிட்டேன். பிஎஸ்எஸ்ஸைப் பூஜ்ஜியமாக்கும் என் சிறிய லூப்பை, கம்பைலருக்குள் கோடைச் சுருக்கி வேகப்படுத்தும் ஆப்டிமைசர் பார்த்து, இது மெம்செட் செய்யும் வேலைதானே என்று அதையே அழைத்துவிட்டது. நான் எழுதாத மெம்செட்டைக் காணோம் என்று லிங்கர் நின்றது. அது வார்னிங் அல்ல, பிழை, அதனால் நல்லது. கண்ணில் படாமல் போகாது.

இந்தக் கருவி வாயே திறக்காத இடம் ஒன்று இருக்கிறது. பூட் ஃபர்ஸ்டுக்குள், வோல்டேஜ் விழுந்து எத்தனை தடவை ரீசெட் ஆனது என்று எண்ண ஒரு ஸ்டாட்டிக் வேரியபிள் வைத்தேன். எண்ணியது சரி. அடுத்த சில வரிகளில் நானே எழுதிய லூப் பிஎஸ்எஸ் முழுவதையும் பூஜ்ஜியமாக்கியது. என் எண்ணிக்கையும் அதோடு போனது. ஒரு வார்னிங்கும் இல்லை. வரவும் வராது. ரேம் இன்னும் தயாராகவில்லை என்பது கம்பைலருக்கு எப்படித் தெரியும்? அதன் கணக்கில் புரோகிராம் தொடங்கும்போதே வேரியபிள்கள் எல்லாம் அவற்றின் மதிப்போடு இருக்கும். அந்த உறுதியைக் கொடுக்க வேண்டிய கோடே நாம்தான் என்பது அதற்குத் தெரியாது. தொடக்க ஃபங்ஷனில் குளோபலையோ ஸ்டாட்டிக்கையோ தொடக் கூடாது என்று நாமே கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். ரெஜிஸ்டரும் லோக்கலும் மட்டும்.

எண்ணிக்கை வேண்டும் என்றால் யாரும் அழிக்காத தனிப் பகுதி ஒன்று வேண்டும். 'நோஇனிட்' என்று பெயரிட்டு வேரியபிளை அங்கே போட்டேன். லிங்கர் ஸ்கிரிப்டில் அதற்கு இடம் ஒதுக்க மறந்துவிட்டேன். பில்ட் முடிந்து பைனரி ஃபைலைப் பார்த்தால் 384 எம்பி! 64 கேபி சிப்புக்கு. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃப்ளாஷ் ஹெக்ஸில் 08000000-இல் தொடங்குகிறது. ரேம் 20000000-இல். இடைவெளி 18000000, அதாவது சரியாக 384 எம்பி. இடம் சொல்லாத பகுதியை லிங்கர் தானாகவே ரேமில் கொண்டுபோய் வைத்து, அதையும் ஏற்ற வேண்டிய டேட்டா என்று எண்ணிவிட்டது. பைனரியாக மாற்றும்போது நடுவில் உள்ள வெற்றிடம் முழுக்கப் பூஜ்ஜியத்தால் நிரம்பியது. ஸ்கிரிப்டில் 'நோலோட்' என்று குறித்து ஒரு பகுதி எழுதியதும் பழைய அளவுக்கு வந்தது. இப்போது 'ஆர்ஃபன் ஹேண்ட்லிங்' விருப்பத்தை வார்னிங் நிலையில் வைத்திருக்கிறேன். ஸ்கிரிப்டில் இடம் இல்லாத எந்தப் பகுதி வந்தாலும், இது எந்த ஃபைலிலிருந்து வந்தது, இதை எங்கே வைக்கிறேன் என்று பெயரோடு சொல்லும். லிங்கர் ஸ்கிரிப்டைக் கையால் தொடுபவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இது ஏன் முதலிலேயே திறந்திருக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

10.3-இலிருந்து 13.2-க்கு மாறிய அன்று புதிதாக 61 வார்னிங் வந்தது. அவற்றில் உருப்படியானவை ஏழோ எட்டோ. மீதிப் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, லோட் பகுதிக்கு எழுதவும் படிக்கவும் ஓட்டவும் மூன்று அனுமதியும் இருக்கிறதே என்பது. லிங்கர் அடங்கிய பின்யூட்டில்ஸ் தொகுப்பின் 2.39 பதிப்பில், 2022-இல் வந்த பழக்கம். லினக்ஸ் கணினிக்கு அது நல்ல வார்னிங். நம் சிப்பில் அந்த அனுமதிக் குறிகளைப் படிக்க யாரும் இல்லை. ஆனாலும் நான் அதை அடக்கவில்லை. மெயினுக்கு முன் அழைக்க வேண்டிய ஃபங்ஷன்களின் பட்டியலான இனிட் அரே மாதிரியான பகுதிகள் ஃப்ளாஷில் இருந்துகொண்டே எழுதத்தக்கவை என்று குறிக்கப்பட்டிருந்தன. ஸ்கிரிப்டில் 'ரீட் ஒன்லி' என்று குறித்ததும் போய்விட்டது. இரண்டாவது, இந்தத் தொகுப்போடு வரும் நியூலிப் என்ற சி லைப்ரரியின் 'குளோஸ்', 'ரீட்' போன்றவை வெறும் பெயருக்கு இருக்கின்றன, அழைத்தால் தோற்கும் என்பது. தெரிந்த விஷயம்தான். பிரின்ட்எஃப் எங்கோ ஒளிந்திருந்து இதையெல்லாம் உள்ளே இழுக்கிறது என்று அதனால் தெரிந்தது, அதை எடுத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. வெக்டர் டேபிள் இந்தச் சிப்பில் பூஜ்ஜிய முகவரியிலும் தெரியும். இரண்டாவது சொல், 4 என்ற முகவரியில். அதைப் பாயிண்டர் வழியாகப் படிக்கும் ஒரு வரி என் பழைய கோடில் இருந்தது. ஜிசிசி 12 முதல், 4096-க்குக் கீழே உள்ள நிலையான முகவரியைத் தொட்டால், அரேயின் எல்லையைத் தாண்டுகிறாய் என்று சொல்லத் தொடங்கிவிட்டது. அந்த வரியில் அரேயே கிடையாது. பெரிய இயங்குதளங்களில் அந்த முதல் பக்கத்தைத் தொடுவது பெரும்பாலும் எதையும் சுட்டாத பூஜ்ஜியப் பாயிண்டரை ('நல்' பாயிண்டர்) பயன்படுத்திய தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஆர்ம் நன் ஈஏபிஐ' என்று பெயரிலேயே இயங்குதளம் இல்லை என்று எழுதி வைத்திருக்கும் கம்பைலர், 4 என்பது நல்ல முகவரிதான் என்று அறிந்திருக்க வேண்டாமா? 'மின் பேஜ்சைஸ்' என்ற அளவைப் பூஜ்ஜியமாக்கினால் நின்றுவிடும். நான் அதைச் செய்யாமல், ஃப்ளாஷின் உண்மையான முகவரியிலிருந்தே படிக்கும்படி மாற்றினேன். அது எப்படியும் நல்லது. பூஜ்ஜிய முகவரியை நேராகப் படித்தால், இப்படி நடக்கவே நடக்காது என்று கம்பைலர் முடிவு செய்து அங்கே புரோகிராமைப் பிழையில் தள்ளும் ஒரு ட்ராப் கட்டளையை வைத்துவிடவும் கூடும்.

தம்பிக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. டிபக் பில்டில் வார்னிங் இல்லை என்றால் வார்னிங் இல்லை என்று அர்த்தம் அல்ல. மதிப்பு கொடுக்காத வேரியபிளைப் பயன்படுத்திவிடக்கூடும் என்பது போன்ற வார்னிங்குகள் ஆப்டிமைசர் ஓடும்போதுதான் கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டுப் பார்த்தால் கோடு சுத்தமாகத் தெரியும். நாங்கள் தினமும் இரண்டு விதமாகவும் பில்ட் செய்கிறோம். சிப் நிறுவனம் கொடுத்த ஹெடர்களை மட்டும் 'ஐ சிஸ்டம்' வழியாகச் சேர்க்கிறோம். அப்படிச் செய்தால் அவற்றுக்குள் இருக்கும் வார்னிங்குகள் நம் தலையில் கொட்டாது, நம்முடையவை மட்டும் தெரியும். ஸ்டாக் எவ்வளவு போகிறது என்று பார்க்கும் 'ஸ்டாக் யூசேஜ்', ஃப்ளோட் தெரியாமல் டபுளாக மாறுவதைக் காட்டும் 'டபுள் புரமோஷன்' இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சிப்பில் தசம எண்ணுக்கென்று வன்பொருளே கிடையாது. ஒரு எண்ணின் பின்னால் 'எஃப்' எழுத்து விடுபட்டால் போதும், டபுள் கணக்குக்கான ஃபங்ஷன்கள் எல்லாம் உள்ளே வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்.

எல்லா வார்னிங்கையும் பிழையாக்கும் 'டபிள்யூ எரர்' போடலாமா? பட்டறைக்குள் போட்டிருக்கிறோம். கம்பைலர் பதிப்பை நாங்களே பூட்டி வைத்திருப்பதால் அது சரிப்படுகிறது. உங்கள் கோடை வேறு யாரோ வேறு பதிப்பில் கம்பைல் செய்வார்கள் என்றால் போடாதீர்கள். அந்த 61-ஐயும் ஒரே நாளில் அவர்கள் தலையில் போட்ட மாதிரி ஆகிவிடும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. மிஸ்ஸிங் புரோட்டோடைப்ஸும் ஆர்ஃபன் ஹேண்ட்லிங்கும் கேட்காமலே வந்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.

புது பூட்லோடரை ஏற்றிய போர்டை மறுபடி ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். பின் அந்தரத்தில் நின்ற நேரம் 200-லிருந்து 3 மில்லி விநாடிக்குள் வந்துவிட்டது. அந்த மூன்றும் சிப் தன்னளவில் எழுந்திருக்க எடுத்துக்கொள்ளும் நேரம், அதை எந்தக் கம்பைலராலும் குறைக்க முடியாது. அன்னூருக்கு எங்கள் சர்வீஸ் பையன் ப்ரோக்ராமரை எடுத்துக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தார். நான் போனில் காத்திருக்க, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பத்துத் தடவை. "சத்தமே இல்லீங்க மேடம்" என்றார் விவசாயி.

இப்போது ஜிசிசி 14-ஐத் தனிக் கணினியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது அதில் வார்னிங் இல்லை, நேரடியாகப் பிழை. எங்கள் பழைய சிங்கிள் ஃபேஸ் ஸ்டார்ட்டரின் கோடு ஒன்பது இடத்தில் நிற்கிறது. அதில் ஐந்தை நேற்று சரிசெய்தோம், மீதி நான்கு தம்பியின் மேசையில் இருக்கிறது.